அரைப்பேர்

வழக்கு எங்களுடையதில்லை.
கம்பனிக்கும் ஹோட்டலுக்கும்.
ஊற்று யாருக்கென்று ஆறு வருசமாகப்
பண்டாரவளைக் கோட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
எங்களுக்குத் தெரிய வந்தது
சர்வேயர் ஒருத்தர் பீலியடியில் முக்காலி நட்டு
'குடத்தை எடும்மா, கோடு மறைக்கிறது'
என்றபோதுதான்.

சட்டத்தரணி பர்ஹானா
காகிதத்தை வாசித்துக் காட்டினார்.
வடக்கே தேயிலை.
கிழக்கே பெரிய கான்.
தெற்கே சவுக்கு மரம் இரண்டு.
மேற்கே ரோட்டு.
லயம்? என்று கேட்டேன்.
விரலை மறுபடி மேலிருந்து ஓட்டினார்.
மரம் இரண்டும் இருந்தன.
இருபத்து மூன்று காம்பரா இல்லை.

நடுவில் புகலாம், என்றார்,
சட்டத்தில் அதற்கு வழி உண்டு.

அடுத்தவர் சண்டையில் புகாமலிருப்பதற்கு
எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
பலகைத் தட்டிக்கு அந்தப்பக்கம்
சட்டி உடைந்தாலும் மண்டை உடைந்தாலும்
அடுப்பை ஊதிக்கொண்டே இருப்போம்.
அப்படிப்பட்ட லயத்தில்
பதினான்கு கையெழுத்து, மூன்று கைநாட்டு.
ஜெயசீலியின் மகன் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான்.
அவள் கதவைத் திறக்கவில்லை.
உள்ளே வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது,
அதே ஊற்று.

தவணைக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை,
செக்ரோலில் சுழி.
வழக்கில் எங்கள் பேரையும் போடுங்கள் என்று கேட்கப் போய்
நான்கு பேர் போயிற்று எனக்கு.
ஐந்தாம் தவணை பகலுக்குப் பிறகு என்றார்கள்.
காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து
அரைப்பேரோடு பஸ் ஏறினேன்.
நெற்றியில் கூடைக்கயிற்றின் தடம்
கூண்டில் ஏறும்வரை மறையவில்லை.

'முத்துராக்கு தங்கேஸ்வரி!'
என் முழுப்பெயரை அவ்வளவு சத்தமாக
ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

கம்பனியின் சட்டத்தரணியும் ஹோட்டலின் சட்டத்தரணியும்
ஆறு வருசத்தில் முதல்தடவையாக
ஒரே குரலில் எழுந்தார்கள்.
வேலைக்கு இருப்பவர்கள் இவர்கள், கனம் நீதிபதி அவர்களே,
திறத்தவர்கள் அல்லர்.
துவிபாஷி என் பக்கம் திரும்பிக் கேட்டார்:
'அந்த ஊற்றில் உங்களுக்கு என்ன அக்கறை?'
அக்கறையா?
விடிய நாலரைக்கு ஐந்து குடம், என்றேன்.
அவர் அதை என்னவென்று மாற்றிச் சொன்னாரோ,
நீதிபதி எழுதினார்.

அப்போதுதான் பின்வாங்கிலிருந்து
இன்னொரு கறுப்புக் கோட்டு எழுந்தது.
கீழே மீகஹவெல வயல்காரர்கள்,
குணதிலக்கவும் பதினொரு பேரும்.
லயத்துச் சோப்பு நுரை
அவர்கள் வாய்க்காலில் இறங்குகிறதாம்.
எங்களைச் சேர்த்தால் அவர்களையும் சேர்க்க வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்தது.
யார் இவர்கள், நடுவில் வந்து?

என்னுடைய நுரைதான்.
எட்டு வயசிலிருந்து
கானில் அது வளைந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.
எங்கே போகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை.
எங்கள் மனுவிலும் எல்லை எழுதியிருந்தோம்.
அதில் வயல் இல்லை.

கட்டளை பதினேழாம் திகதி என்றார்கள்.
திரும்பும் பஸ்ஸில் குணதிலக்க முன்சீட்டில்,
மடியில் சேற்றுக் கறையோடு குடை.
மீகஹவெல வளைவில் இறங்கும்போது
தலையை லேசாக ஆட்டினார்.
எனக்கா, கண்டக்டருக்கா தெரியாது.
நானும் ஆட்டி வைத்தேன்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை கேட்டார்,
'என்ன, கோட்டில் பேர் போட்டார்களா?'
இன்னும் இல்லை.
'அரைப்பேர்கூட இல்லையா?'
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று பின்னேரம் துவைத்த தண்ணீரை
கானில் ஊற்றப் போனவள்
தூக்கிக்கொண்டு திரும்பி வந்து
வாழையடியில் ஊற்றினேன்.
ஏனென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
வழக்குக்காகவும் இருக்கலாம்.